மூவரில் ஒருவர்

வேலை கொடுத்தவருக்கு நான் எழுதிய மெயில் நீளமானது. வந்த பதில் நாலே வரி. "உங்கள் விளக்கத்தைப் படித்தேன். நீங்கள் சொல்வதுபோலவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கருத்தைப் பார்த்த மூவரில் இருவர் எதிர்மறை என்று குறித்திருக்கிறார்கள். பெரும்பான்மையோடு பொருந்தாத விடைக்குப் பணம் தருவதில்லை."

சண்டை இரண்டு சென்ட்டுக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடலாம்.

அமேசானின் மெக்கானிக்கல் டர்க் என்ற இணையதளத்தில் சில்லறைக் காசுக்குச் சின்னச் சின்ன வேலைகள் செய்கிறேன். அங்கே வேலை கொடுப்பவருக்கு ரிக்வெஸ்டர் என்று பெயர், அவர் விடையை ஏற்காவிட்டால் அது ரிஜெக்ட். இந்த வேலையில் ஒரு பொருளை வாங்கியவர் எழுதிய கருத்தைப் படித்து, அதன் தொனி நேர்மறையா, எதிர்மறையா, நடுநிலையா என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். முக்கால்வாசிக்கு யோசனையே வேண்டாம். "உடைந்து வந்தது", "காசுக்குக் கேடு", "மறுபடி வாங்குவேன்". நடுவில் ஒரு மேசை விளக்கைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்: "அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது இதைப் பார்க்கவே முடிவதில்லை."

விளக்கில் ஒரு குறையும் இல்லை, அம்மாதான் இல்லை என்று எனக்குப் பட்டது. நேர்மறை என்று அழுத்தினேன். ரிஜெக்ட் ஆனது.

"உங்கள் விடை தவறு" என்று அவர் எழுதியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். ஒத்துக்கொண்டே மறுத்ததுதான் உறுத்துகிறது. நான் சொல்ல வந்தது அவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. இத்தனைக்கும், கொடுத்த ரிஜெக்டைத் திரும்பப் பெற அவருக்கு வழி உண்டு. பணம் தராமலே என் விடையை வைத்துக்கொள்ளவும் வழி உண்டு.

அந்த இருவர் மீதும் முதலில் கோபம் வந்தது. மூன்று விநாடியில் அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள், "முடிவதில்லை" என்ற சொல் கண்ணில் பட்டதும் எதிர்மறை என்று போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மெயிலிலும் கொஞ்சம் அந்தத் தொனியில்தான் எழுதினேன். அனுப்பிய பிறகு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தபோது வேறொன்று தோன்றியது. கேள்வி தொனியைப் பற்றியது. அம்மாவை இழந்தவரின் தொனி நேர்மறையாகவா இருக்கும்? நான் விளக்குக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அவர்கள் எழுதிய மனிதரைப் பார்த்திருக்கலாம். அப்படியென்றால் அவசரக்காரன் யார்?

ஆனாலும் என் விடையை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படி இரண்டு விதமாகப் படிக்க இடமிருக்கிற வாக்கியத்தை மூன்று பேரிடம் மட்டும் காட்டி எண்ணிக்கையில் தீர்ப்பு சொல்லலாமா என்பதுதான் என் வாதம். இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பை 2009இல் வெளியிட்டவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். மெக்கானிக்கல் டர்க்கில் ஆட்களை வைத்துத்தான் படங்களைச் சரிபார்த்தார்கள். வெறும் பூனை என்றால் சிலர் ஒத்துப்போனாலே போதும், பர்மியப் பூனை என்றால் அதிகம் பேரைக் கேட்க வேண்டும் என்று வகைக்கு வகை எண்ணிக்கையை மாற்றினார்கள். மேசை விளக்குக் கருத்து ஒரு பர்மியப் பூனை. இதை மெயிலில் எழுதியிருக்கலாம். பதில் மாறியிருக்காது.

அந்த ரிக்வெஸ்டரையும் முழுதாகக் குறை சொல்ல வரவில்லை. படிக்காமலே வரிசையாக ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு போகிறவர்கள் உண்டு, அதற்கென்று நிரல் எழுதி ஓட விடுகிறவர்களும் உண்டு. அவர்களை வடிகட்டாவிட்டால் ஒழுங்காகச் செய்கிறவர்களின் உழைப்பும் அதோடு கெடும். அவரும் குறைந்த பட்ஜெட்டில் ஆய்வை முடிக்கப் பார்க்கும் மாணவராக இருக்கலாம். ஒவ்வொரு மெயிலுக்கும் மனம் இளகினால் அவர் வேலை என்ன ஆவது? (பதிலே போடாத ரிக்வெஸ்டர்கள்தான் அதிகம். இவர் போட்டார்.)

எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ரிஜெக்ட் ஆனால் போவது இரண்டு சென்ட் மட்டுமல்ல, அப்ரூவல் ரேட்டும், அதாவது என் விடைகளில் ஏற்கப்பட்டவற்றின் சதவீதமும், இறங்கும். நல்ல வேலைகள் பலவும் 95 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கே திறக்கும். அதனால்தான் அவ்வளவு நீளமாக எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி உண்மை. அந்த மெயிலுக்குச் செலவான நேரத்தில் அதைப் போல எத்தனையோ மடங்கு சம்பாதித்திருக்கலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு மெக்கானிக்கல் டர்க்கில் செய்த 38 லட்சம் வேலைகளை ஆராய்ந்தது. வேலை தேடும் நேரத்தையும், ரிஜெக்ட் ஆனதையும், பாதியில் விட்டதையும் கணக்கில் சேர்த்தால் இடைநிலை வருமானம் மணிக்கு சுமார் 2 டாலர்தான் என்றது. இரண்டு சென்ட்டுக்கு வாதாடுகிறவரின் கணக்கு இன்னும் கீழே போகும்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. ஒரு கருத்தைப் படித்ததும் இது என்ன என்று கேட்பதில்லை. மற்ற இருவரும் எதை அழுத்துவார்கள் என்று கேட்கிறேன். ரிஜெக்ட் குறைந்திருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது. கேட்டதைத்தான் கொடுக்கிறேன், அவர்களுக்கு வேண்டியது என் கருத்தல்ல, பெரும்பான்மைதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மற்ற இருவரும் ஆளுக்கொரு ரிஜெக்ட் வாங்கி, இதே பாடத்தைக் கற்றிருந்தால்? மூன்று பேரும் ஒருவரையொருவர் ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தக் கருத்தை எழுதியவர் என்ன நினைத்தார் என்பதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டோம். அதுதான் தரமான தரவு என்ற பெயரில் எங்கோ ஒரு கணினிக்குப் போகும்.

அதே ரிக்வெஸ்டர் மறுபடி ஒரு பேட்ச், அதாவது ஒரு தொகுதி வேலை, போட்டார். இந்த முறை நான்காவதாக ஒரு பொத்தான் இருந்தது: "உறுதியாகச் சொல்ல முடியவில்லை." என் மெயிலால் வந்ததா, வேறு யாரும் எழுதினார்களா, முதலிலிருந்தே அவர் திட்டத்தில் இருந்ததா என்று கேட்டு ஒரு மெயில் தட்டினேன், அனுப்பவில்லை. பேட்ச் முழுவதும் முடித்தேன். அந்தப் பொத்தானுக்கென்றே எழுதியதுபோல் சில கருத்துகள் அதில் இருந்தன. ஒருமுறைகூட அதை நான் அழுத்தவில்லை. மற்ற இருவரும் அழுத்துவார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.