வெள்ளி என்று நினைத்துத் துலக்கிய பதக்கம்

எங்கள் வீட்டில் எள்ளுத்தாத்தாவுக்கு 'சுபேதார்', அதாவது பிரிட்டிஷ் இந்தியப் படையின் இந்திய அதிகாரி, என்றுதான் பெயர். பர்மாப் போரில் அவர் வலது தோளில் குண்டு பாய்ந்ததாம். தழும்பு சாகும்வரை இருந்ததாம். ஆதாரமாக ஆர்க்காட்டு வீட்டு மரப்பெட்டியில் ஒரு பதக்கம் கிடந்தது. பெட்டி என் பங்குக்கு வந்ததும், முழுக் கதையையும் தோண்டி எடுத்துவிடுவது என்று இறங்கினேன்.

முதல் வேலையே தப்பு. பழுப்பேறிக் கிடந்ததை அழுக்கடைந்த வெள்ளி என்று எண்ணி, புளியும் செங்கல் பொடியும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் துலக்கினேன். வெள்ளி வரவில்லை, செம்பு நிறம்தான் வந்தது. இப்படி ஏதாவது உங்கள் கைக்குக் கிடைத்தால் தயவுசெய்து அப்படியே வையுங்கள்.

எந்தப் பதக்கம் என்று கண்டுபிடிப்பது சுலபமாகவே இருந்தது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபக்கம், உட்கார்ந்திருக்கும் போர்வீரனுக்கு முடி சூட்டும் சிறகு முளைத்த வெற்றித் தேவதை. 1854இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம் இது. போருக்குப் போர் புதுப் பதக்கம் கொடுக்காமல், போரின் பெயர் பொறித்த பட்டையை மட்டும் நாடாவில் கோத்துக்கொண்டே போனார்கள். எங்களுடையதில் இருந்த பட்டை 'பர்மா 1885-7'.

அந்த ஆண்டுக் கணக்கு என்னைக் குழப்பியது. 1885 நவம்பரில் தொடங்கிய பிரிட்டிஷ் படையெடுப்பு, அந்த மாதமே பர்மாவின் தலைநகர் மாண்டலேயைப் பிடித்து முடிந்துவிட்டது. படைத்தலைவர் பிரெண்டர்காஸ்ட் சென்னையில் பிறந்தவர். பிடிபட்ட பர்மாவின் தீபோ மன்னரை முதலில் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள், பிறகுதான் ரத்தினகிரி. அப்புறம் எதற்கு 1887 வரை? அரண்மனை விழுந்ததே தவிர நாடு விழவில்லை. கிராமம் கிராமமாக எதிர்ப்பு தொடர்ந்தது. காட்டுக்குள் போன படைக்குச் சண்டையைவிடக் காய்ச்சலும் பேதியும்தான் பெரிய எதிரி.

உலோகத்துக்கான பதில் கிடைத்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சிப்பாய்க்கு வெள்ளி. படையோடு போன தண்ணீர் சுமப்பவர், சமையல்காரர், காயம்பட்டவர்களைச் சுமக்கும் டோலி தூக்குபவர் போன்றோருக்கு வெண்கலம். பர்மாப் பட்டையிலிருந்துதான் அந்த வழக்கமே வருகிறது. அப்படியானால் எங்கள் சுபேதார்?

பெயர் விளிம்பில் இருக்கும். ஏற்கெனவே தேய்ந்திருந்த சரிந்த கையெழுத்தில் மிச்சத்தை என் செங்கல் பொடி தின்றிருந்தது. விளிம்பில் திருநீற்றைத் தடவி மெல்லத் துடைத்தேன். பள்ளங்களில் தங்கிய வெள்ளையை லென்ஸ் வைத்துப் படித்தேன். 'டூலி பேரர்', அதாவது டோலி தூக்குபவர், என்பது தெளிவாக வந்தது. பிறகு அவர் பெயர். கடைசியில் வரும் 'சாமி'யை 'சவ்மி' என்று செதுக்கியிருந்தார்கள். அதற்கடுத்து வந்த இலாகாவின் பெயர் போயே போய்விட்டது.

அதுதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது. பதக்கம் பெற்றவர்களின் பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அங்கே வசிக்கும் என் அண்ணன் மகள் வாசகர் அட்டை வாங்கி இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்தாள். பட்டியல்கள் படைப்பிரிவு வாரியாகத்தான் இருக்கின்றன. "சித்தப்பா, எந்தப் பிரிவு என்று தெரியாமல் எங்கே தேடுவது?" என்று கேட்டாள். புளியைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

இடையில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் விலை கேட்டார். விற்கும் எண்ணம் இல்லை. இருந்தாலும் நூறு வயது தாண்டிய இத்தகைய பொருளை நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது.

கடைசியாக ஆர்க்காட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் பதக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "டோலிக் கட்டை எந்தத் தோளில் இருக்கும்?" என்று கேட்டார்.

"வலது, இடது, மாற்றி மாற்றி இருக்கும் அத்தை."

"ஆயா சொல்லும். மாமனார் தோளில் தழும்பு இல்லையாம், காய்ப்பாம். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக இருக்குமாம். குண்டு என்று சொன்னது உன் தாத்தாதான்."