பூட்டு வந்தது, சாவி வரவில்லை: எங்கள் கிட்லேப் சர்வரை மீட்டெடுத்த அனுபவம்

"அண்ணா, புஷ் போக மாட்டேங்குது. உங்களுக்குப் போகுதா?" என்று பக்கத்து மேசைத் தம்பி கேட்டபோது பிற்பகல் 3:40. (புஷ் என்றால் எழுதிய கோடை சர்வருக்கு அனுப்புவது.) 2024 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. நெட்வொர்க்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, சர்வர் இருக்கும் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். வட்டிலிருந்து படிக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. அணைத்து மறுபடி போட்டேன். அதற்குப் பிறகு அந்த எஸ்எஸ்டி வட்டு ஒன்று இருப்பதையே கணினி காட்டவில்லை.

பதினோரு பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. கோடையும் அதைப் பற்றிய பேச்சையும் ஒரே இடத்தில் வைக்கும் கிட்லேப் மென்பொருளின் இலவச சமூகப் பதிப்பை அலுவலகத்திலேயே ஒரு கணினியில் ஓட்டிவந்தோம். அதைப் பராமரிப்பது என் பொறுப்பு.

"கோடு எல்லார் லேப்டாப்பிலும் இருக்குமே, எதுக்குப் பயம்?" என்று எங்கள் மேலாளர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கிட்லேபுக்கு அடியில் இருக்கும், கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் ஒவ்வொரு குளோனும் (நகலும்) முழு வரலாற்றையும் சுமந்துகொண்டிருக்கும். ஆனால் கோடில் இந்த வரியை ஏன் மாற்றினோம், அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் வரித்தொகையை வேறு மாதிரி கணக்கிடுகிறோம் என்று ஐந்து வருடமாக நாங்கள் பேசியதெல்லாம் இஷ்யூக்களிலும் (பணிக் குறிப்புகள்) மெர்ஜ் ரிக்வெஸ்ட்டின் (மாற்றத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கை) கருத்துகளிலும் இருந்தது. அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ள சங்கதி. எந்த லேப்டாப்பிலும் கிடையாது.

பேக்கப் இருந்தது. தினமும் இரவு 2 மணிக்கு கிரான் என்ற நேர ஒழுங்குக் கருவி வழியாக ஓடி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஒரு டார் கோப்பை வேறு அறையில் இருந்த நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியில் கொண்டுபோய்ப் போடும். அன்றைய கோப்பு 38 ஜிபி. கோப்பின் பெயரிலேயே தேதியும் 16.7.2 என்ற பதிப்பு எண்ணும் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. இரவுக்குள் முடித்துவிடலாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

புதுக் கணினியில் உபுண்டு போட்டு, கிட்லேபை நிறுவினேன். அவசரத்தில் பதிப்பைக் குறிப்பிடாமல் விட்டதால் அப்போதைய புதிய 16.9 வந்து உட்கார்ந்துகொண்டது. ரெஸ்டோர் (மீட்பு) கட்டளையைக் கொடுத்ததும் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பேக்கப் எந்தப் பதிப்பில் எடுக்கப்பட்டதோ அச்சு அசலாக அதே பதிப்பில்தான் மீட்க முடியும்; சமூகப் பதிப்புக்குச் சமூகப் பதிப்புதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பிலும் தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பு மாறிக்கொண்டே இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, 16.7.2 என்று எண்ணைக் கொடுத்து மறுபடி நிறுவினேன். அதில் ஒரு மணி நேரம் போனது.

அடுத்தது அனுமதிச் சிக்கல். டார் கோப்பை ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனராக நகலெடுத்திருந்தேன். ரெஸ்டோர் வேலையைச் செய்வது 'கிட்' என்ற பயனர். கோப்பின் உரிமையை அதற்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. தரவுத்தளத்தோடு பேசிக்கொண்டிருக்கும் பூமா, சைட்கிக் என்ற கிட்லேபின் துணை நிரல்கள் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். போஸ்ட்கிரெஸும், ரெடிஸ், கிட்டலி என்ற மற்ற துணை நிரல்களும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய அட்டவணைகளை அழிக்கவா என்று கேட்கும். புது நிறுவல்தான், அழிக்க எதுவும் இல்லை என்று தெரிந்தும் 'ஆம்' என்று அடிக்கக் கை தயங்கியது.

முதலில் தரவுத்தளம், பிறகு ரெப்போக்கள் (கோடின் களஞ்சியங்கள்) ஒவ்வொன்றாக, அதன் பின் இணைப்புகள், பைப்லைன் (கோடைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் படிகள்) கோப்புகள் என்று எல்லாம் உள்ளே வர ஐம்பது நிமிடம் ஆனது. சோதனைக் கட்டளையைக் கொடுத்தேன். எல்லாம் பச்சை. இரவு 9 மணிக்கு உலாவியில் பக்கம் திறந்தது. பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. போனில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தேன். 500 என்று பிழைப் பக்கம் வந்தது. திரும்பக் கொடுத்தேன், அதே 500.

காரணம் பிடிபட்டபோது வயிற்றைப் பிசைந்தது. கிட்லேப் சில விஷயங்களைத் தரவுத்தளத்தில் வெளிப்படையாக வைப்பதில்லை. இரண்டடுக்கு உள்நுழைவின் ரகசியம், பைப்லைன்களுக்குக் கொடுத்த மாறிகள் (கடவுச்சொல், கீ போன்றவை), பைப்லைனை ஓட்டும் ரன்னர்களின் டோக்கன்கள் எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்கும் சாவி ஈடிசி கோப்புறையில், கிட்லேப்-சீக்ரெட்ஸ் என்ற சிறு ஜேசன் கோப்பில் இருக்கிறது. சில கேபி அளவுதான். அந்தக் கோப்பும் கிட்லேபின் அமைப்புக் கோப்பும் டாருக்குள் சேராது. வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள்: பூட்டிய பெட்டியையும் சாவியையும் ஒரே பையில் போட்டால் பூட்டுக்கு அர்த்தம் இல்லை. பேக்கப் முடியும்போது 'இந்த இரண்டு கோப்புகளையும் நீங்களே தனியாக எடுத்துவையுங்கள்' என்று அது எச்சரிக்கவும் செய்கிறது. எங்கள் கிரான் வேலையின் வெளியீடு ஒரு லாக் கோப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த லாகை நான் ஒருநாளும் திறந்து படித்ததில்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்.காம் தளத்திலேயே நடந்ததை எங்கள் துறையில் பலரும் படித்திருப்போம். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. ஐந்து விதமான பேக்கப், நகலெடுப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. தற்செயலாக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. அதையெல்லாம் அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் நான் எங்கள் இரவு பேக்கப்பையே அமைத்தேன். ஆனால் டார் கோப்பு தினமும் வந்து விழுகிறதா என்பதை மட்டும்தான் பார்த்துவந்தேன். ஒருமுறையாவது விரித்துப் பார்த்ததில்லை.

சாவி போனது போனதுதான். மறுநாள் காலை முதல் வேலையாக, எல்லாருக்கும் இரண்டடுக்கு உள்நுழைவை ஒட்டுமொத்தமாக நீக்கினேன். அதற்கென்றே ஒரு ரேக் கட்டளை இருக்கிறது. ரகசியங்களைச் சரிபார்க்க 'டாக்டர்' என்று இன்னொரு கட்டளை உண்டு. எந்தெந்த அட்டவணையில் எத்தனை பதிவுகளைத் திறக்க முடியவில்லை என்று அது கணக்குச் சொன்னது. திறக்க முடியாத மாறிகளைத் தரவுத்தளத்தில் நேரடியாக அழித்து, ரன்னர் டோக்கன்களை வெறுமையாக்கி, ரன்னர்களை மறுபடி பதிவுசெய்தேன்.

அழித்த மாறிகளை யார் திருப்பித் தருவது? இரண்டு நாள் ஓடியது இதில்தான். பணம் செலுத்தும் சேவையின் கீயைப் புதிதாக உருவாக்கிக்கொள்ள முடிந்தது. எஸ்எம்எஸ் சேவைக்கும் அப்படியே. வாடிக்கையாளர் சர்வர்களில் நுழையும் எஸ்எஸ்ஹெச் கீயை மாற்ற ஒவ்வொருவரையும் போனில் அழைத்து விளக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு செயலியில் கையொப்பமிடும் சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்புதான் கதிகலங்க வைத்தது. அந்தச் செயலியை முதலில் கட்டிய அக்கா வேறு நிறுவனத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. கூச்சத்தோடு அழைத்தேன். "என் பழைய லேப்டாப்பை உங்ககிட்டதானே குடுத்துட்டு வந்தேன், அதுல தேடிப் பாருங்க" என்றார். அலமாரியின் அடித்தட்டில் சார்ஜர் இல்லாமல் கிடந்தது அது. கீஸ்டோர் அதில் இருந்தது. அவருக்கு நாங்கள் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

இதற்கிடையே புது சர்வருக்குப் புது எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) வந்துவிட்டதால், எல்லாருடைய டெர்மினலிலும் 'யாரோ இடையில் புகுந்திருக்கலாம்' என்ற பெரிய எச்சரிக்கை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடப் பழகக் கூடாது என்பதால், அந்தச் சாவியின் புது கைரேகை எண்ணை அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழையதை நீக்கச் சொன்னேன்.

செவ்வாய் அதிகாலை 2 மணியிலிருந்து பிற்பகல் வரை நடந்தவை பேக்கப்பில் கிடையாது. கமிட்டுகள் (பதிவான கோடு மாற்றங்கள்) லேப்டாப்பில் இருந்ததால் புஷ் செய்துகொண்டோம். ஆனால் அன்று 412 முதல் 415 வரை நான்கு மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுகள் உருவாகி, இரண்டு இணைந்தும் விட்டிருந்தன. மெர்ஜ் கமிட்டின் செய்தியில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை கடைசி எண் 411. யாராவது புதிதாக ஒன்றைத் திறந்தால் அதற்கு 412 போய்விடும். வரலாற்றில் உள்ள 412 வேறு ஒன்றைக் காட்டும். அதனால் எல்லாரையும் நிறுத்திவைத்து, அதே வரிசையில் நான்கையும் நானே திரும்பத் திறந்தேன். கருத்துகள் எல்லாருடைய மின்னஞ்சல் அறிவிப்புகளிலும் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்து, எழுதியவர் பெயரோடு ஒட்டினோம். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது.

இப்போது அமைப்புக் கோப்புறையை கிட்லேபின் தனிக் கட்டளையால் வாரம் ஒருமுறை எடுத்து, குறியாக்கம் செய்து, டார் போகாத வேறு இடத்தில் வைக்கிறோம். ஹோஸ்ட் கீகளும் அதோடு போகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு விர்ச்சுவல் மெஷினில் முழு ரெஸ்டோர் செய்து பார்க்கிறோம். அதை ஓட்டும் முன் வெளி இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும், இது முக்கியம். இல்லாவிட்டால் அந்த நகல் தன்னை அசல் என்றே நினைத்து வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும், வெப்ஹூக்குகள் வழியாக வெளிச் சேவைகளைத் தட்டும்.

ஜூன் மாத ஒத்திகையை, அன்று புஷ் போகவில்லை என்று சொன்ன தம்பியிடமே விட்டேன். நான் எழுதிவைத்த இரண்டு பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு செய்தான். நான் பக்கத்தில் போகவில்லை. இரண்டேகால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். உள்நுழைவுப் பக்கம் திறந்திருந்தது. என் போனில் இருந்த ஆறு இலக்க எண்ணை வாங்கி அடித்தான். உள்ளே போனது.

"மாறிகள் பக்கத்தைத் திற," என்றேன்.

திறந்தது.