பெயரைக் கேட்டவர் தேடி வரும்போது: சிறுதொழிலை ஊடகங்களில் அறிமுகப்படுத்தும் அனுபவம்

ஒரு தொழிலின் பெயர் பத்திரிகையில் வந்தாலும் சரி, யாராவது ஒரு வீடியோவில் சொன்னாலும் சரி, கேட்டவர் அடுத்துச் செய்வது ஒன்றுதான். கைபேசியை எடுத்து அந்தப் பெயரைத் தேடுவார். அங்கே மாறிப்போன போன் நம்பரும் எப்போதோ எடுத்த மங்கலான படமும் பதில் போடாத கேள்விகளும் இருந்தால் அப்படியே போய்விடுவார். அதனால் சிறுதொழில்களுக்குச் செய்தி வரவைக்கும் வேலையை நாங்கள் பத்திரிகையில் தொடங்குவதே இல்லை. தேடுபவர் வந்து சேரும் இடங்களை முதலில் சரிசெய்வோம், அதன்பிறகுதான் நிருபருக்கு மெயில் போகும். இந்த வரிசை மாறினால் கிடைத்த நல்ல செய்தியும் வீணாகிவிடும். ஒருமுறை வந்த செய்தியை அதே பத்திரிகை மறுபடி போடாது.

முதல் வேலை கூகுள் பிசினஸ் புரொபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலின் விவரங்களைக் காட்டும் பக்கம். 2021 வரை இதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர், பழைய வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கும். இதற்குக் கட்டணம் கிடையாது. பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே பெயராகக் கொடுங்கள். பெயரோடு ‘சிறந்த’, ‘குறைந்த விலை’ என்று ஒட்டவைத்தால் புரொபைலை முடக்கிவிட வாய்ப்பு உண்டு, மீட்டெடுப்பது பெரும்பாடு. பிரிவுகளில் முதன்மையானது ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். தேடலில் நீங்கள் எதற்கு வருவீர்கள் என்பதில் முதன்மைப் பிரிவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, ஆகவே பொதுவான பிரிவை விடக் குறிப்பான பிரிவையே தேர்ந்தெடுங்கள். அறிமுகத்துக்கு 750 எழுத்துகள் வரை இடம் உண்டு. முதல் இரண்டு வரியிலேயே என்ன செய்கிறீர்கள், யாருக்குச் செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பலர் சிக்கிக்கொள்வது, தொழிலை நடத்துவது நீங்கள்தானா என்று கூகுள் பார்க்கும் சரிபார்ப்பில். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப்பலகை, பூட்டைத் திறந்து உள்ளே போவது, வேலை செய்யும் இடம், கருவிகள் எல்லாம் வெட்டாத ஒரே காட்சியாக வரவேண்டும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டினாலோ, பலகை தெரியாவிட்டாலோ, இடத்தை நடத்துபவர் நீங்கள்தான் என்று காட்ட எதுவும் இல்லாவிட்டாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரிபார்ப்பு முடிந்தபின் பெயரையும் முகவரியையும் சும்மா மாற்றாதீர்கள், மறுபடி சரிபார்க்கச் சொல்லக்கூடும்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். ஒன்றை முடிவுசெய்து கூகுள், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். நிருபருக்குப் போகும் குறிப்பிலும் அதே எழுத்துகள்தான் இருக்க வேண்டும்.

எந்தத் தளத்தில் இருப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆள்பலம் குறைந்த தொழிலுக்கு வாட்ஸ்அப் பிசினஸும் இன்னொரு தளமும் போதும். அந்த இன்னொன்று வாடிக்கையாளர்கள் எங்கே பொழுதைப் போக்குகிறார்களோ அதுவாக இருக்கட்டும். நாலு தளத்தில் கணக்குத் திறந்து நாலையும் தூங்கவிடுவதால் நஷ்டம்தான், ‘இன்னும் தொழில் நடக்கிறதா?’ என்ற சந்தேகமே வரும். பேஸ்புக்கில் தனிநபர் கணக்கை வைத்து வியாபாரம் செய்யாதீர்கள். அது விதிகளுக்கு மாறானது, நண்பர் எண்ணிக்கையும் 5,000-ஐத் தாண்டாது. பேஜ் திறந்து முழு உரிமையோடு குறைந்தது இரண்டு பேரைச் சேர்த்து, இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள். ‘உங்கள் பேஜ் காப்புரிமையை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்’ என்று இன்பாக்ஸில் வரும் லிங்க் கணக்கைப் பறிப்பதற்கான வலை. கொஞ்சம் பெயர் பரவத் தொடங்கியதும் இது கட்டாயம் வரும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ‘அனுப்பினேன், யாருமே பார்க்கவில்லை’ என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான். பொருளைக் கொடுக்கும்போதே ‘நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், வேலை விவரம் இதில்தான் அனுப்புவோம்’ என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பலர் பிளாக் செய்தாலோ புகார் கொடுத்தாலோ நம்பரே முடக்கப்படும்.

எதைப் பதிவிடுவது? பழைய பிரம்பு நாற்காலிகளைச் சீர்செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முடிந்த நாற்காலியின் படத்தைப் போட்டால் அது இன்னொரு நாற்காலிப் படம், அவ்வளவுதான். கிழிந்த பின்னலை அறுத்து எடுப்பது, சட்டத்தின் துளைகளில் அடைத்திருக்கும் பழைய துண்டுகளைக் குத்தி வெளியேற்றுவது, ஊறவைத்த பிரம்பை முதல் வரிசை இழுப்பது என்று கைகளை நெருக்கத்தில் எடுத்தால் பார்ப்பவர் நிற்கிறார். முதல் மூன்று நொடியில் கிழிந்த பின்னலைக் காட்டுங்கள், லோகோவும் வணக்கமும் அப்போது வேண்டாம். வீடியோ செங்குத்தாக, 1080 x 1920 பிக்சலில் இருக்கட்டும். திரையின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் பொத்தான்களும் கேப்ஷனும் மறைத்துவிடும் என்பதால் எழுத்தை நடுப்பகுதிக்குள் வையுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம், ஆகவே பேசினால் அதைத் திரையில் எழுத்தாகவும் காட்டுவது கட்டாயம். சினிமாப் பாட்டைப் பின்னால் ஓடவிடாதீர்கள். பிசினஸ் கணக்குகளுக்குப் பல பாடல்களின் உரிமை கிடையாது, சத்தம் துண்டிக்கப்படலாம், வீடியோவே நீக்கப்படலாம். பிரம்பு இழுபடும் சத்தமே போதும், அதுவே நன்றாகவும் இருக்கும். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனில் போடும் லிங்க் தட்டினால் திறக்காது, கணக்கின் முகப்பில் இருக்கும் அறிமுகப் பகுதியான பயோவில்தான் போட வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு பதிவு, விடாமல் ஆறு மாதம். நாங்கள் பார்த்தவரை, ஒரு வாரம் தினமும் போட்டுவிட்டு ஓய்ந்துபோவதை விட இதுவே பலன் தருகிறது. ஒரே நாளில் ஏழெட்டு வேலைகளைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால் இந்த வேகத்தைத் தாங்கலாம். பாலோயர்களை விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். வாங்கிய கணக்குகள் உங்கள் பதிவைத் தொடாது, யாரும் தொடாத பதிவை மற்றவர்களுக்குக் காட்டத் தளமும் முன்வராது.

இனி பத்திரிகை. இதில் அடிப்படை ஒன்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது: நிருபர் உங்கள் தொழிலுக்காக எழுதுவதில்லை, தன் வாசகருக்காக எழுதுகிறார். ‘எங்கள் பட்டறை தரமான சேவை வழங்குகிறது’ என்பதில் அவர் வாசகருக்கு ஒன்றுமே இல்லை. காசு கொடுத்துப் போட வேண்டிய விளம்பரம் அது. செய்தி என்பது புதிதாக ஒன்று நடப்பது, அல்லது ஒரு பழைய விஷயம் மாறுவது, அல்லது பலருக்கு இருக்கும் ஒரு சிக்கலுக்கு வழி கிடைப்பது. பட்டறை ஆறு பெண்களுக்குப் பிரம்புப் பின்னல் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுத்தால் அது செய்தி. மழைக்காலத்துக்கு முன் பிரம்புப் பொருட்களைப் பூஞ்சையிலிருந்து காப்பது எப்படி என்று நீங்கள் சொன்னால் அதுவும் இணைப்பிதழுக்கு வேண்டிய சரக்கு. ‘ஐந்தாம் ஆண்டு நிறைவு’ உங்களுக்குப் பெரிய நாள், வாசகருக்கு அதில் எதுவும் இல்லை.

பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் செய்திக்குறிப்பு என்ற வடிவத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1906-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்தின்போது, ரயில் கம்பெனிக்காக வேலை பார்த்த ஐவி லீ என்பவர் விவரங்களை எழுதி நிருபர்களுக்குக் கொடுத்ததைத்தான் முதல் செய்திக்குறிப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் கொடுத்தது தகவல். இன்றும் அதே விதிதான்: தகவல் இருந்தால் எடுப்பார்கள், புகழ்ச்சி இருந்தால் தூக்கிப்போடுவார்கள்.

குறிப்பின் முதல் பத்தி எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு ஒன்று:

‘பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் வகையில் வாடிக்கையாளர்களின் பேராதரவோடு வீறுநடை போடும் எங்கள் நிறுவனம் பெருமையுடன் அறிவிப்பது யாதெனில்…’

இதில் யார், என்ன, எப்போது, எங்கே எதுவுமே இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

‘(ஊர் பெயர்) ஊரில் பிரம்பு நாற்காலிகளைச் சீர்செய்யும் பட்டறை ஒன்று, தையல் வேலை இழந்த ஆறு பெண்களுக்கு மூன்று மாதம் இலவசப் பயிற்சி கொடுத்து வேலையிலும் சேர்த்துள்ளது. அடுத்த பயிற்சி வரும் 10-ம் தேதி தொடங்குகிறது.’

இதை அப்படியே எடுத்துப் போடலாம், இரண்டாம் பத்தியைப் படிக்காவிட்டால்கூடச் செய்தி முழுமையாக இருக்கிறது. அடுத்த பத்தியில் இது ஏன் தேவைப்பட்டது, எப்படி நடந்தது. மூன்றாவதில் ஒருவர் வாய்மொழியாக இரண்டு வாக்கியம். முதலாளியின் வாய்மொழியை விடப் பயிற்சி பெற்றவர் சொல்வதே உயிரோடு இருக்கும், ஆனால் அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கடைசியில் தொழிலைப் பற்றி மூன்று வரி, தொடர்புக்கு ஒருவர் பெயர், அவர் உண்மையில் எடுக்கும் நம்பர். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும்.

குறிப்பை மெயிலின் உடம்பிலேயே யூனிகோடில் ஒட்டுங்கள். பிடிஎப்-இல் அனுப்பிய தமிழை நகலெடுத்தால் பல சமயம் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதைந்துபோகும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்ததோ அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். மாலை நெருக்கடியில் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய உதவி ஆசிரியருக்கு நேரம் இருக்காது, அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். படமும் அப்படித்தான். அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், அதாவது ஆறு அங்குல அகலத்தில் வரவேண்டிய படத்துக்கு 1,800 பிக்சல் அகலம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கும் படம் வேண்டாம், வேலை செய்யும் கைகளும் முகமும் சேர்ந்து தெரியும் படம் ஒன்று, படுக்கைவாட்டில் ஒன்று, செங்குத்தில் ஒன்று. படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதற்குக் குறுக்குவழி இல்லை. இரண்டு வாரம் அந்தப் பத்திரிகையைப் படித்து, இதுபோன்ற செய்திகளை யார் எழுதுகிறார், எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நூறு பேரைச் சேர்த்து ஒரே மெயிலில் அனுப்புவதை விட, ஐந்து பேருக்கு அவரவர் பெயரிட்டுத் தனித்தனியாக அனுப்புவது மேல். நாளிதழுக்குச் சில நாள் முன்பு போதும், வார இணைப்பிதழுக்கு இரண்டு மூன்று வாரம், மாத இதழுக்கு இரண்டு மாதமாவது முன்னால் அனுப்ப வேண்டும். பண்டிகைக் கால இதழில் வரவேண்டியதைப் பண்டிகை வாரத்தில் அனுப்பி ஏமாறுபவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, அவ்வளவு நல்ல விஷயங்கள் அப்படி வீணாகியிருக்கின்றன. மூன்று நாளாகியும் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை காலை நேரத்தில் கூப்பிட்டுக் கேளுங்கள். மாலையில் பக்கம் முடிக்கும் நேரத்தில் கூப்பிடாதீர்கள்.

நிருபர் பேட்டிக்கு அழைத்தால் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்களைத் தோராயமாக அடித்துவிடாதீர்கள், தெரியாததை ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி அன்றே சொல்லிவிடுங்கள். அச்சில் வரக் கூடாததைப் பேசவே பேசாதீர்கள். ‘செய்தி போடுகிறோம், ஆனால் இவ்வளவு ஆகும்’ என்று யாராவது சொன்னால் அது விளம்பரம்தான். விளம்பரம் என்று குறிப்பிட்டு வந்தால் தவறில்லை, விலையை மற்ற விளம்பரங்களோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். பிரபலங்களுக்குப் பணமோ பொருளோ கொடுத்து வீடியோ போடச் சொல்லும்போதும் ‘கட்டணக் கூட்டு’ (Paid partnership) என்ற அடையாளம் இருக்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பாலோயர் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட, கமெண்டில் உண்மையான கேள்விகள் வருகின்றனவா என்று பாருங்கள்.

செய்தி வரும் நாளுக்கு முந்தைய இரவு: போன் சார்ஜ், இன்னொரு நம்பரில் ஓர் ஆள், வாட்ஸ்அப் பிசினஸில் நேரமும் வழியும் சொல்லும் தானியங்கி வாழ்த்து, அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு முன்பே எழுதிய பதில்கள். ஒரு மாதத்தில் எத்தனை நாற்காலி முடியும் என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் வருபவர்களுக்குத் தேதி சொல்லும் பட்டியலையும் திறந்து வையுங்கள். வேலை வாங்கிவிட்டு இழுத்தடித்தால் அந்தக் கோபம் கூகுள் ரிவ்யூவில் நிரந்தரமாக நிற்கும். ரிவ்யூ கேட்பதில் தவறில்லை, ஆனால் அதற்குத் தள்ளுபடி கொடுப்பது கூகுள் விதிக்கு விரோதம். மோசமான ரிவ்யூவுக்கு நாலு வரிக்குள் பதில் போடுங்கள்: என்ன நடந்தது, என்ன சரிசெய்தோம், யாரைத் தொடர்புகொள்வது. வாடிக்கையாளரின் சொந்த விவரம் எதுவும் அதில் வரக் கூடாது.

வந்த செய்தியின் லிங்க்கைப் பகிருங்கள். பக்கத்தை அப்படியே படம்பிடித்து விளம்பரத்தில் பயன்படுத்த வேண்டுமானால் பத்திரிகையின் அனுமதி வேண்டும். காசு செலவழித்து பேஸ்புக்கில் விளம்பரம் செய்ய நினைத்தால் அதற்கு நல்ல நேரம் இதுதான். வெறுமனே பதிவின் கீழ் இருக்கும் பூஸ்ட் பொத்தானை அழுத்தினால் லைக் போடுபவர்களைத் தேடிக் காட்டும், ஆர்டர் வராது. ‘மெசேஜ்’ என்பதை நோக்கமாகத் தேர்ந்தெடுத்து, நீங்கள் போய்வரக்கூடிய தொலைவை மட்டும் வட்டமிடுங்கள். ஒரு வாரம் கைவைக்காதீர்கள், தினமும் மாற்றினால் யாருக்குக் காட்டுவது என்பதை பேஸ்புக் முதலிலிருந்து கற்கத் தொடங்கும்.

புதிதாகக் கூப்பிடும் ஒவ்வொருவரிடமும் ‘எங்கே கேள்விப்பட்டீர்கள்?’ என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். லைக் கணக்கை விட இந்த நோட்டு நம்பகமானது. வெப்சைட் இருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் யுடிஎம் குறியீடு (வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் ஒட்டு) சேர்த்த தனி லிங்க் கொடுக்கலாம்.

செய்தியில் நம்பரோ பெயரோ தப்பாக வந்துவிட்டால் பொதுவெளியில் பத்திரிகையைத் திட்டாதீர்கள். நிருபருக்கே, தவறான வரி இது, சரியானது இது என்று இரண்டு வரியில் அன்றே எழுதுங்கள். இணையப் பதிப்பை அவர்கள் சீக்கிரம் திருத்திவிடுவார்கள், அச்சுக்கு ஒரு திருத்தம் கேட்கலாம். தப்பான நம்பர் வேறொருவருடையது என்றால் முதலில் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, வரும் அழைப்புகளை உங்களுக்குத் திருப்பிவிட முடியுமா என்று கேளுங்கள்.