கட்டில் எங்கே போடுவீர்கள்?

வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடும் சிவில் இன்ஜினியர் நான். சென்னைப் புறநகரில் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம், அந்தப் பக்கம் மண்ணிவாக்கம் வரை என் ஏரியா. விற்பனைக்கு வரும் புது ஃப்ளாட், பத்துப் பதினைந்து வருடப் பழைய தனி வீடு, அரை கிரவுண்டில் எழுப்பிய டூப்ளெக்ஸ் எல்லாவற்றிலும் டேப்போடு நுழைந்து, அளந்து, போட்டோ எடுத்து, ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது வேலை. மனை மதிப்பு, கட்டிட மதிப்பு, கட்டிடத்தின் வயது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும், அனுமதி வாங்கிய பிளானுக்கும் கட்டியிருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ரிப்போர்ட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இந்த வீட்டில் நாலு பேர் இடித்துக்கொள்ளாமல் நடமாட முடியுமா என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. எனக்கு இந்த வேலையில் நெடுநாளாக உறுத்துவது இதுதான். சதுர அடி விலை என்று ஒன்று வந்த பிறகு நல்ல இடத்துக்கும் உதவாத இடத்துக்கும் ஒரே காசு என்றாகிவிட்டது.

சதுர அடி 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாசல் கதவைத் திறந்ததும் மூன்றடி அகலத்தில் பதிமூன்றடி நீளத்துக்கு ஒரு பேசேஜ், அதைத் தாண்டித்தான் ஹால். அந்தப் பேசேஜில் செருப்பு ஸ்டாண்ட் வைத்தால் ஆள் போக முடியாது, வெளிச்சமும் வராது. அதன் விலை இரண்டரை லட்சம். இருபது வருடம் வட்டியோடு கட்டப்போகும் கடனில் அதுவும் சேர்ந்துதான் வருகிறது. இதே இடத்தை ஹாலோடு சேர்த்துவிட்டிருந்தால் ஒரு சாப்பாட்டு மேஜை போட்டிருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகைதான் எழுத முடியும்.

பெட்ரூம்களைப் பற்றிச் சொல்கிறேன். ரூம் சின்னது என்று புகார் சொல்கிறவர்கள்தான் அதிகம், நான் பார்த்தவரை சின்ன ரூமைவிட மோசம் கதவு தப்பான இடத்தில் இருக்கும் ரூம். பத்துக்குப் பத்து ரூம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் இருந்து வரும் கதவு ஒரு சுவரின் நடுவில். அட்டாச்டு பாத்ரூம் கதவு இன்னொரு சுவரின் நடுவில். பால்கனிக் கதவு மூன்றாவது சுவரில், ஜன்னல் நாலாவதில். நாலு சுவரும் செலவாகிவிட்டது. பீரோவை எங்கே வைப்பது? ஜன்னலை மறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டு அதன் முன்னால் வைக்க வேண்டும். பழைய ஃப்ளாட்டுகளுக்குப் போகும்போது பால்கனிக் கதவுக்கு முன்னால் பீரோ நிற்பதை அத்தனை முறை பார்த்திருக்கிறேன், அந்தப் பால்கனிக்கும் அவர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். அதே ரூமில் ஹால் கதவையும் பாத்ரூம் கதவையும் ஒரே மூலைக்குத் தள்ளியிருந்தால் கிட்டத்தட்ட முழுச் சுவர் ஒன்று மிஞ்சியிருக்கும். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை, பிளான் போடும்போதே கட்டிலையும் பீரோவையும் அதில் வரைந்து பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் இதோடு மனையடி சாஸ்திரம் வேறு சேர்ந்துகொள்ளும். உள் அளவு 8, 10, 11, 16 அடி என்றால் நல்லது, 9, 12, 13 ஆகாது என்பது பரவலாக இருக்கும் கணக்கு. அதனால் 12-க்கு 9 என்று இயல்பாக அமைந்திருக்க வேண்டிய ரூம் 11-க்கு 8 ஆகிவிடும். 108 சதுர அடி இருந்தது 88 ஆகிறது. மிஞ்சிய அந்த ஓரடி எங்கே போயிற்று என்று பார்த்தால், தடித்த சுவராகவோ ஆழமில்லாத ஷெல்ஃபாகவோ நிற்கும். எட்டடி அகல ரூமில் ஆறரை அடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் நடக்க ஒன்றரை அடிதான் இருக்கும். சாஸ்திரம் பார்க்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் பார்த்துத்தான் கட்டினோம். மனை வாங்கிய கையோடு இந்த அளவுகளை இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டால் 10-க்கு 11 என்று அழகாக அமைத்துக்கொடுக்க முடியும். பில்லர் எழுந்த பிறகு, யாரோ வந்து சொன்னார்கள் என்று சுவரை உள்ளே நகர்த்தும்போதுதான் ரூம் கெட்டுப்போகிறது. சமையலறையும் அப்படித்தான். தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை வசப்படாத மனைக்கு வடமேற்கில், வாயு மூலையில் வைக்கலாம் என்று அந்த வாஸ்துவிலேயே வழி இருக்கிறது, ஆனாலும் தென்கிழக்கேதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாசலுக்கு நேரே அடுப்பைக் கொண்டுவந்து வைத்த வீடுகள் நிறைய. வருகிறவர் போகிறவர் கண்ணெல்லாம் அடுப்பில், தாளிக்கிற நெடியெல்லாம் ஹாலில்.

கிச்சன் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். தேசியக் கட்டிட விதித் தொகுப்பு கிச்சனுக்குச் சொல்லும் குறைந்தபட்சம் 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடி, அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. அது ஒன்றும் தாராளமான அளவு இல்லை. அதையும் தொடாமல் ஆறுக்கு எட்டு என்று கட்டி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கு மேடை போட்டுவிடுகிறார்கள். நடுவில் மிஞ்சுவது இரண்டடி. ஒருவர் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது இன்னொருவர் அந்தப் பக்கம் சிங்க்கில் நிற்க முடியாது, கீழ்க் கதவைத் திறந்து குக்கரை எடுக்கக் குனியவும் முடியாது. ஃப்ரிட்ஜ் ஹாலில் நிற்கும். மிக்ஸிக்கு பிளக் பாயின்ட் அடுப்புக்கு மேலே இருக்கும், ஒயர் தீயைத் தாண்டி வரும். இதையெல்லாம் கிச்சனில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். வீடு காட்டும்போது அந்த ஐந்து நிமிடம் கொடுப்பதில்லை, வாங்க வருகிறவர்களும் கேட்பதில்லை. ஹாலில் ஃபால்ஸ் சீலிங் விளக்கைப் போட்டுக் காட்டுகிறார்கள், எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

பாத்ரூம் படி என்று ஒன்று இருக்கிறது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாடியில் பாத்ரூம் வரும் இடத்தில் கான்கிரீட் தளத்தை முக்கால் அடியில் இருந்து ஓரடி வரை இறக்கிப் போட வேண்டும். அந்தப் பள்ளத்துக்குள் குழாய்கள் ஓடும், மேலே நிரவி டைல்ஸ் போட்டால் பாத்ரூம் தரை பெட்ரூம் தரையைவிட அரை அங்குலம், ஓர் அங்குலம் தாழ்ந்து நிற்கும். நாங்கள் சங்கன் ஸ்லாப் என்போம். இதை இறக்காமல் சமமாகத் தளம் போட்டுவிட்டு, அப்புறம் பெட்ரூம் மூலையைத் தடுத்து அட்டாச்டு பாத்ரூம் ஆக்கினால் குழாய்க்கு இடமில்லை. தரையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். அதனால் பாத்ரூமுக்கு ஒரு படி ஏறிப் போக வேண்டியிருக்கும்.

மாடம்பாக்கம் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட்டில் அந்தப் படி எட்டு அங்குலம் இருந்தது. வாங்க வந்தவர் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார், எழுபதைத் தாண்டியவர். மகன் புரோக்கரோடு கார் பார்க்கிங் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அந்த அம்மா மட்டும் பாத்ரூம் கதவைத் திறந்தார். பிவிசி கதவு, வெளிப்பக்கம் திறக்கும். படியை ஒட்டி நின்றால் கதவு முட்டியில் படும், அதனால் ஓரடி பின்னால் வந்து, கதவைத் தள்ளிப் பிடித்து, மறு கையால் நிலையைப் பற்றிக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்தார். இடது கால் வரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினார். பிறகு என்னிடம், "தம்பி, ராத்திரி எழுந்தா இதுல எப்படிப்பா ஏர்றது?" என்றார். புரோக்கர் அங்கிருந்தே, "ஒரு கைப்பிடி வெச்சுக்கலாம்மா, ஒண்ணும் கவலை இல்ல" என்றார். நான் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் படியைக் குறைக்க முடியாது, தளத்தை உடைத்தால் உடைவது கீழ் வீட்டுக்காரரின் சீலிங், இந்த வீட்டில் ஹாலை ஒட்டிய பொது பாத்ரூம் மட்டும்தான் படி இல்லாமல் சமதளம் என்று சொன்னேன். சொல்வது என் வேலை இல்லை, ஆனாலும் சொன்னேன். விலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒத்துவந்ததால் அவர்கள் அதையே வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, வீட்டுக் கடனுக்கு மேல் வாங்கும் டாப்-அப் லோனுக்காக அதே வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாவின் கட்டில் ஹாலில் இருந்தது. அட்டாச்டு பாத்ரூம் உள்ள பெட்ரூமில் பேரப் பிள்ளைகள்.

டூப்ளெக்ஸ் வீடுகளில் இதே கதை படிக்கட்டில் வரும். தளத்துக்குத் தளம் பத்தடி, அதாவது 120 அங்குலம். வீட்டுப் படிக்கட்டுக்கு விதித் தொகுப்பு சொல்லும் உயரம் ஒரு படிக்கு அதிகபட்சம் 19 சென்டிமீட்டர், ஏழரை அங்குலம். கால் வைக்கும் அகலம் குறைந்தது 25 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட பத்து அங்குலம். அப்படியானால் 16 படி உயரம், கடைசி ஏற்றம் மேல் தளத்திலேயே முடிவதால் கால் வைக்கும் இடம் 15, அதற்கு பன்னிரண்டரை அடி நீளம் வேண்டும், நடுவில் திருப்பம் வைத்தால் அதற்கு மூன்றடி அளவுக்கு இடமும் விட வேண்டும். பதினைந்தடி அகல மனையில் அந்த இடத்தைக் கொடுக்க மனம் வராமல் ஒன்பது அங்குலத்துக்குப் படியை உயர்த்தி, எட்டு அங்குலத்துக்கு அகலத்தைக் குறுக்கி, திருப்பத்தில் முக்கோணப் படிகளை வெட்டிவிடுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது குதிகால் மட்டும்தான் படியில் இருக்கும். துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறவர் தன் காலைப் பார்க்க முடியாது என்பதை யாராவது நினைத்துப் பார்த்தால் இப்படிக் கட்ட மாட்டார்கள்.

ஜன்னல்கள் பற்றி ஒன்றே ஒன்று. சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊருக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது அதே தொகுப்பு. நூறு சதுர அடி ரூமுக்குப் பதினாறு, பதினேழு சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் போட்டால் ஏறக்குறைய வந்துவிடும், ஆனால் இப்போது பலரும் போடுவது யுபிவிசி ஸ்லைடிங், பிளாஸ்டிக் சட்டத்தில் பக்கவாட்டில் நகர்த்தித் திறப்பது. இரண்டு கண்ணாடியில் ஒன்றுதான் நகரும், காற்று பாதி ஜன்னலில்தான் வரும். அந்தப் பாதிக்கும் நேர் எதிரே மூன்றடியில் பக்கத்துக் கட்டிடத்தின் ஏசி அவுட்டோர் யூனிட் இருந்தால் அது சுடுகாற்றை ஊதும். பழைய மாதிரி கொண்டி போட்டுத் திறக்கும் கதவு ஜன்னல் இந்த ஊருக்கு நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்டால் பில்டரை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வராது. 650 சதுர அடியில் தாராளமான ஒற்றை பெட்ரூம் வீடு கட்டி வைத்தால் விற்காது, அதையே குறுக்கி இரண்டு பெட்ரூம் என்று போர்டு வைத்தால் அந்த வாரமே அட்வான்ஸ் வரும். கேட்கிறவர்கள் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். அனுமதிக்கு ஒரு பிளான், கட்டுவதற்கு இன்னொரு பிளான் என்பதும் சாதாரணமாக நடக்கிறது. 2016 ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்புக்கு வரையறை தந்தது, படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் என்ற மயக்கம் அதனால் ஓரளவு தெளிந்தது, நல்ல விஷயம். ஆனால் 500 சதுர மீட்டர் மனைக்குள் எட்டு ஃப்ளாட்டுக்குள் கட்டினால் அந்தச் சட்டப்படி பில்டர் பதிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு கிரவுண்ட் என்பது 446 சதுர மீட்டர்தான். புறநகரில் ஆறு ஃப்ளாட், எட்டு ஃப்ளாட் என்று எழும் கட்டிடங்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் நிற்பவை. பதிவு இருந்தாலும் கதவு எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லப் போவதில்லை.

அதனால் வீடு பார்க்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இது. சமைக்கிறவரையும் வீட்டிலேயே வயதில் மூத்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு டேப்பும் பழைய செய்தித்தாள்களும் எடுத்துக்கொள்ளுங்கள். டபுள் காட் ஐந்துக்கு ஆறரை அடி, பீரோ இரண்டடி ஆழம், ஃப்ரிட்ஜுக்கு கதவு திறக்கும் இடத்தோடு நாலடி. அந்த அளவுக்குப் பேப்பரைத் தரையில் விரித்து, எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். புரோக்கர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். கைக்குழந்தையை வைத்திருக்கிறவர் கிச்சனில் நின்றால் குழந்தை படுத்திருக்கும் இடம் தெரிகிறதா என்று பாருங்கள். இருக்கிற குறைகளில் எது மாற்றக்கூடியது, எது முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் உள்ள கதவை நகர்த்தலாம், கிச்சன் மேடையை உடைத்து மாற்றலாம். பில்லர், பீம், படிக்கட்டு, பாத்ரூம் தளம், கழிவுக் குழாய் இறங்கும் இடம் இவை மாறாது. மாறாத குறை இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள். கேட்டு இரண்டு லட்சம், மூன்று லட்சம் குறைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

புது வீடு என்றால் செங்கல் தெரியும் நிலையிலேயே ஒரு தடவை போய்விடுவது நல்லது. சேலையூரில் கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு தம்பதி அப்படி வந்திருந்தார்கள். அந்தப் பெண் மாஸ்டர் பெட்ரூமில் நின்று, "அண்ணா, இந்தக் கதவை இரண்டடி தள்ளி வெக்க முடியாதா? இங்க பீரோவுக்கு இடம் வந்துடும்" என்று மேஸ்திரியிடம் கேட்டார். அவர் சுவரைப் பார்த்தார், கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லின்டலைப் பார்த்தார், பூச்சு வேலைக்கு முன்னாடி சொன்னீங்க, பண்ணிடலாம் என்றார். அன்று மதியமே பாதிச் சுவரைப் பிரித்து மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கூடுதல் காசு கேட்கவில்லை. மேல் மாடியில் அதே பிளானில் இருந்த வீட்டுக்குப் பூச்சு முடிந்திருந்தது, அந்தக் கதவு இன்னும் சுவரின் நடுவில்தான் இருக்கிறது.