வார்டோ நாட்குறிப்பு: மீன் இருக்கிறது

14 மார்ச் 2024

நோர்வேயின் வடகிழக்கு முனையில் இருக்கும் வார்டோவுக்கு அப்பாவோடு வந்திருக்கிறேன், அவர் ஒருகாலத்தில் மீன் ஆலையில் வேலை செய்த ஊர். வழியில் வாட்ஸோவில் பிற்பகல் முழுக்கக் காத்திருப்பு. காற்றில் பனி பறந்து வீதி மறைந்துவிட்டால் இங்கே வாகனங்களைத் தனியே போக விடமாட்டார்கள். பனி தள்ளும் லொறி முன்னே போக, மற்றவர்கள் அதன் பின்னால் வரிசையாக ஊரவேண்டும். எங்கள் பஸ்ஸும் அப்படித்தான் ஊர்ந்து வந்தது.

இந்த ஈ75 வீதியின் மறு அந்தம் கிரேக்கத்தின் கிரீட் தீவில் இருக்கிறது. யாராவது அதுவரை ஓட்டிப் போயிருப்பார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "இஞ்சயிருந்து அங்க போறவன் இருப்பான். அங்கயிருந்து இஞ்ச வாறவனைத்தான் தேடவேணும்" என்றார். அவர் யாழ்ப்பாணத்துக் காரைநகரிலிருந்து வந்தவர்.

கடைசி மூன்று கிலோமீற்றர் கடலுக்கடியில். 1982இல் கட்டி முடிந்த சுரங்கம்; கடலடியில் நோர்வே போட்ட முதல் வீதி. ஆழமான இடம் கடல் மட்டத்துக்கு 88 மீற்றர் கீழே. மேலே ஏறி வந்தால் ஊர், காற்று, ஒரு திறந்த கடை.

15 மார்ச்

வார்டோ இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிறது. மணிக்கூடு மட்டும் ஒஸ்லோவினுடையது. அதனால் 11 மணிக்கே உச்சி வெயில்.

துறைமுகத்தில் காலையிலிருந்து படகுகள். லொட்டே என்னும் சின்ன மீன் முட்டையிட இந்தக் கரைக்கு வரும் காலம் இது. அதைத் தின்னக் கொட் மீன் பின்னாலேயே வரும், கொட்டைப் பிடிக்கப் படகு வரும். இந்தக் கரையில் ஆட்கள் குடியிருப்பதற்கே இந்தச் சங்கிலிதான் காரணம். விவசாயம் இல்லை, மரமும் இல்லையென்றே சொல்லலாம். கோட்டைக்குள் நட்ட ஒரு மரத்தைக் குளிர்காலத்தில் சுற்றிக் கட்டிக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள்.

அப்பா வேலை செய்த ஆலை இப்போது ஆலை இல்லை. கட்டடத்தைச் சுற்றி வந்தோம். எந்தக் கதவால் மீன் உள்ளே போனது, எங்கே தலை வெட்டினார்கள், அடியில் விளக்கெரியும் மேசையில் நின்று பெண்கள் எங்கே முள் எடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் 1986இல் வந்தபோது வயது 23. மக்கள் உயர் பாடசாலை எனப்படும் பரீட்சையில்லாத விடுதிப் பள்ளியில் மாணவராகத்தான் நோர்வே வந்தார்; அந்தக் காலத்தில் எங்களவர் பலருக்கு அதுதான் வழி. உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கத் தெற்கே போய்த் திரும்பாததால் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. வார்டோ, வாட்ஸோ, பாட்ஸ்ஃபியோர்ட், ஹமர்ஃபெஸ்ட் என்று வடக்கெங்கும் தமிழர் கத்தியோடு நின்றார்கள்.

அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1956இல் நோர்வே வந்த முதல் தமிழர் அன்ரனி இராஜேந்திரம் மீன்பிடித் தொழில் பற்றிப் படித்து யாழ்ப்பாணம் திரும்பி, நோர்வேக்காரர் உதவியோடு சீ-நோர் நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். அப்பாவின் அண்ணன் அந்தப் படகுத் தளத்தில் வேலை பார்த்தவர். நோர்வே என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

அப்பா கத்தி பிடித்த நேரம் மோசமான நேரம். 1980களின் நடுவில் லொட்டே அருகிப்போய்விட்டது. கொட் மீன் பட்டினியில் தன் குஞ்சையே தின்றது. 1987இல் வடதுருவக் கடலிலிருந்து பசியோடு சீல்கள் கூட்டங்கூட்டமாக இறங்கி வந்து வலைகளில் சிக்கிப் பல்லாயிரக்கணக்கில் செத்தன. "மீனுக்குப் போட்ட வலையில அதுதான் வந்தது. ஆலையில எங்களுக்கு வேலையில்லை, பிளாஸ்கில தேத்தண்ணியோட குந்தியிருப்பம்." 1989 ஏப்ரல் 18ஆம் திகதி கரையோரப் படகுகளுக்குக் கொட் பிடிப்பதே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து படகுக்கு இவ்வளவு என்று பங்கு. கடந்த ஆண்டுகளில் போதிய அளவு பிடித்திருந்தவனுக்குப் பங்கு, குறைவாகப் பிடித்தவன் வெளியே. பட்டினிக் கடலில் குறைவாகப் பிடித்ததற்கும் தண்டனை!

கடல் பிறகு தேறிவிட்டது. 2013இல் நோர்வேயும் ரஷ்யாவும் பேரன்ட்ஸ் கடல் கொட்டுக்கு வைத்த அளவு பத்து லட்சம் தொன். (இந்த ஆண்டு அதில் பாதிக்கும் குறைவு.) ஆனால் பங்கு படகோடு விலைப்படும், படகு வேறு ஊருக்குப் போகும், மீன் அந்தப் படகின் கரையில் இறங்கும். 1960களில் இந்த நகராட்சியில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் இன்று இருக்கிறார்கள், சுமார் 2,000. மீன் போனதால் ஊர் தேய்ந்தது என்று ஒஸ்லோவில் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிக்குமேல் நம்பிக்கையில்லை. நாங்களும் ஒஸ்லோவுக்குப் போனவர்கள்தான், சரி.

16 மார்ச்

காற்று. அரைநாள் அறைக்குள்.

பிற்பகலில் பொமோர் பண்டகசாலைப் பக்கம் போனோம். பொமோர் எனப்படும் வெண்கடல் பக்கத்து ரஷ்யர் கோடையில் மாவும் மரமும் ஏற்றி வந்து மீனுக்கு மாற்றிய இடம். கோடையில்தான் ஏன் என்றால், அப்போது ஈ மொய்த்து மீனைக் காயவைக்க முடியாது, பழுதாகிவிடும். ரஷ்யர் பச்சை மீனாக வாங்கி உப்புப் போட்டுக்கொண்டார்கள். வேறெவரும் தொடாத மீனுக்கு ரொட்டி மா! இருபக்கமும் விளங்கிக்கொள்ள ஒரு கலப்புப் பேச்சே உருவானது. ரஷ்யப் புரட்சியோடு வியாபாரம் முடிந்தது. அதையும் இந்த ஊர் முடிவு செய்யவில்லை.

17 மார்ச்

ஸ்டெயில்னெசெட். 17ஆம் நூற்றாண்டில் இந்த வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கில் சூனியக்காரர் என்று கொல்லப்பட்ட 91 பேருக்கான நினைவிடம், 2011இல் திறந்தது. பீட்டர் சும்தோர் கட்டிய நீண்ட இருண்ட நடை. ஆளுக்கொரு சின்ன யன்னல், அதற்கொரு விளக்கு, பக்கத்தில் வழக்குப் பதிவு. பக்கத்துக் கட்டடத்தில் லூயிஸ் பூர்ஷ்வாவின் எரியும் கதிரை. கதிரையைப் பலர் புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் பதிவுகளே போதும்.

1617 நத்தார் முதல்நாள் திடீரென்று புயல் எழுந்தது. வார்டோ, கிபெர்க் பக்கத்திலிருந்து போன 10 படகுகளும் 40 ஆண்களும் திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அந்தக் கடலைக் கட்டி வைத்துப் புயலை எழுப்பியதாகப் பெண்களை விசாரித்தார்கள். ஒருத்தியை வதைத்தால் அவள் இன்னும் சில பெயர்களைச் சொல்வாள். 1660களில் சிறுமிகள்கூட மாட்டினார்கள். 91 பேரில் 77 பேர் பெண்கள்.

அப்பா பாதியிலேயே வெளியே போய்விட்டார். கடலில் போனவர்களுக்காகக் கரையில் நின்றவர்களைப் பிடித்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. காரைநகரிலும் கரையில் நின்றிருக்கிறார்.

18 மார்ச்

கிபெர்க். இருநூறு பேர் வரை இருக்கும் ஊர். போர்க்காலத்தில் இங்கிருந்து ஆட்கள் படகேறி ரஷ்யா போய், பயிற்சியோடு திரும்பி, பாறை மறைவில் ரேடியோவோடு பதுங்கி, ஜேர்மன் கப்பல் போக்குவரத்தைச் சோவியத்துக்கு அறிவித்தார்கள். பலர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்களைப் போர் முடிந்தபின் சொந்த நாடே சந்தேகித்துக் கண்காணித்தது, பனிப்போர். 1992இல்தான் மன்னர் ஹரால்ட் அவர்களுக்கு இழைத்த துன்பத்தைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார்.

இறங்குதுறையில் மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த இளைஞன் லித்துவேனியாவிலிருந்து வந்தவன். அப்பா தன் பழைய நோர்வேஜிய மொழியை எடுத்தார், அவன் தன் புதியதை. கத்தி யார் தீட்டுகிறார்கள், கையுறை கொம்பனி கொடுக்கிறதா, அறை வாடகையைச் சம்பளத்தில் வெட்டுகிறார்களா என்று கேள்விமேல் கேள்வி. மூன்று பருவம் வேலை செய்து ஊரில் வீடு கட்டப்போவதாக அவன் சொன்னான்.

"நானும் மூண்டு எண்டுதான் வந்தனான்" என்றார் அப்பா.

அவன் சிரித்துவிட்டுக் கொட் முட்டை ஒரு பை தந்தான். இரவு வெங்காயம், செத்தல் மிளகாயோடு வறுத்தோம். விடுதிக் குசினியில் புகை எச்சரிக்கை மணி அலறிவிட்டது.