கடனும் கையாடலும்

பாம்பனில் இரண்டு விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். இறாலும் கணவாயும் கரையேறி எடை போடப்பட்டதும் வியாபாரி தரும் பணம் முதலில் என் கைக்கு வந்து, டீசலும் ஐஸும் கழிந்த பிறகுதான் முதலாளிக்கும் பங்குக்காரர்களுக்கும் போகிறது. பிறர் பணத்தைப் பகலெல்லாம் மடியில் வைத்திருப்பவன் என்பதாலோ என்னவோ, பணப் புகார் எதுவானாலும் தெருவில் என்னிடம் கொண்டுவந்து விடுகிறார்கள்.

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் அப்படி வந்தவர், ஒரு மகளிர் குழுவுக்குப் பொருளாளராக இருந்த அக்கா. குழு நோட்டில் கையிருப்பு 38,450 ரூபாய் என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. தகரப் பெட்டியில் இருந்ததோ 450. உறுப்பினர்கள் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருந்தார்கள். "நான் திருடலையே தம்பி, மகளுக்குப் பீஸ் கட்டினேன், தடை முடிஞ்சதும் வச்சிடலாம்னுதான் இருந்தேன்" என்றார். தம்மைக் காக்கும் என்று நம்பி அவர் சொன்ன அந்த வாக்கியமே அவருக்கு எதிரான ஒப்புதலாக இருந்ததை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

பிறர் பொருளைச் சிறிது காலத்துக்கு மட்டும் நேர்மையின்றி எடுத்தாள்வதும் கையாடலே என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவுக்கான விளக்கம் கூறியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. திருப்பிக் கட்டுவது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, எடுத்த அன்றே முடிந்துபோன குற்றத்தை அழிக்காது.

ஆனால் வாங்கிய பணத்தைத் தராதவரெல்லாம் கையாடியவர் ஆகிவிடமாட்டார். எங்கள் கரையில் முதலாளியிடம் முன்பணம் வாங்கிய கடலாள் வேறு படகுக்குப் போய்விட்டால் உடனே "கையாடிட்டான்" என்று கூச்சல் எழும். வாங்கிய நொடியிலேயே அந்தப் பணம் அவருடையதாகிவிடுவதால் அது வெறும் கடன். உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். (தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்துடன் வாங்கியிருந்தால் ஏமாற்றுதல் என்ற வேறு குற்றம்.) அதே முதலாளியின் மீன் விற்ற பணத்தில் நான் ஆயிரம் ரூபாயை என் வீட்டுக்குச் செலவழித்தால் அது குற்றம், ஏனெனில் என் கையில் இருந்தாலும் அது என்னுடையதன்று, என்னை நம்பி ஒப்படைக்கப்பட்டது.

யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைப் பொறுத்துத் தண்டனை ஏறுகிறது. ஒப்படைப்பு ஏதுமின்றிக் கைக்கு வந்த பொருளைக் கையாடினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் கையாடும் நம்பிக்கை மோசடிக்குப் புதிய சட்டத்தின் 316ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய 406ஆம் பிரிவில் இது மூன்று ஆண்டாக இருந்தது. என்னைப் போன்ற கணக்கருக்கும் ஊழியருக்கும் ஏழு ஆண்டு வரை. அரசு ஊழியர், வங்கியர், முகவர் போன்றோருக்குப் பத்து ஆண்டு வரை அல்லது ஆயுள். கணக்கைத் திருத்தி எழுதியிருந்தால் அதற்குத் தனியாக 344ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. அரசு நிதியுதவி பெறும் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரை ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியராகவே கருதுகிறது. அங்கு நான்கு ஆண்டுக்குக் குறையாத சிறை. 2024 ஜூலைக்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும்.

அக்காவை ராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றேன். பணத்தைக் கட்டுங்கள், ஆனால் குழுக் கூட்டத்தில் வைத்துக் கட்டி, தீர்மானம் எழுதி, ரசீது வாங்குங்கள் என்றார் அவர். நகையை அடகு வைத்து 38,000 ரூபாயைக் கட்டினார் அக்கா. ரசீது எழுதிக் கொடுத்த புதிய பொருளாளர், பேனாவை மூடுவதற்கு முன் பணத்தை இரண்டு முறை எண்ணினார்.