சன் இன் லா என்றால் மருமகன் இல்லை: தச்சரின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டது

என் மாமியாரின் மூதாதையர் ஒருவர், ஒரு சக்கரத் தச்சர், யார் பிள்ளை என்று தேடிக்கொண்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: இரண்டு கையெழுத்தும் ஒருவருடையதுதான். போன வியாழக்கிழமை மதியம் இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் இருக்கும் நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய ஜாமீன் பத்திரத்தைப் பிரித்துவைத்தபோது என் கை நடுங்கியது. பத்திரத்தில் இருந்தது 1758இல் போட்ட கையெழுத்து. பக்கத்தில் என் மடிக்கணினியில் 1762ஆம் வருடத்துக் கல்யாணப் பதிவேட்டுக் கையெழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். குடும்பப் பெயரின் முதல் எழுத்தை மேலிருந்து இழுத்து, கீழே ஒரு சுழி போட்டு, அந்தச் சுழியின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். இரண்டிலும் அதே வால். கடைசி எழுத்துக்கு மேலே காரணமில்லாமல் ஒரு சின்னக் கோடு, அதுவும் இரண்டிலும் இருக்கிறது.

போன பதிவில் அவருடைய 1762 கல்யாணத்தோடு முட்டிக்கொண்டு நின்றிருந்தேன், அதற்கு முன்னால் அவர் எங்கே, யாருக்குப் பிறந்தார் என்று தெரியவில்லை. என் மாமியாரின் அப்பா வழியில் வரும் வண்டிச்சக்கரத் தச்சர் இவர். ஊர் நார்ஃபோக்கில் ஃபேக்கன்ஹாமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அதே குடும்பப் பெயரில் அங்கே இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால் பெயரையும் கிராமத்தையும் எழுத வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். ஆகவே இங்கேயும் அவர் தச்சர்தான்.

முதலில், தச்சர் என்று எல்லோரும் தவறாக நினைத்த ஒரு குழந்தையின் கதை. இணையத்தில் இந்தக் குடும்பத்துக்கு இருக்கும் வம்ச மரங்கள் எல்லாவற்றிலும் தச்சர் 1736 மே மாதம் அதே கிராமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றே இருக்கிறது. ஒருவர் போட்டதை மற்றவர்கள் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பெயர் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது, கல்யாண வயதும் பொருந்துகிறது. அதே பெயரில் ஒரு கைக்குழந்தை 1736 பிப்ரவரியில் அடக்கம் செய்யப்பட்டதும் பதிவேட்டில் இருக்கிறது. அது மூத்த குழந்தை, அது இறந்ததால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைத்தார்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம் என்பதால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் 1752 வரைக்கும் இங்கிலாந்தில் வருடம் பிறப்பது மார்ச் 25ஆம் தேதி. நமக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், தெரிந்தும் கோட்டைவிட்டோம். அடக்கப் பக்கத்தின் மூலப் படத்தைத் திறந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், 1736 டிசம்பருக்குப் பிறகு 1736 ஜனவரி வருகிறது, பிறகு 1736 பிப்ரவரி, அப்புறம்தான் 1737 ஏப்ரல். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1737. அப்படியென்றால் மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையே ஒன்பது மாதம் கழித்து இறந்திருக்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பெயரில் வேறு குழந்தையே கிடையாது. அட்டவணை தயாரித்தவர்கள் ஏட்டில் இருந்ததை அப்படியே 1736 என்று எழுதிவிட்டதால், தேடும்போது சாவு முன்னாலும் பிறப்பு பின்னாலும் வந்து நிற்கிறது. இந்த ஒரு வரியால் இருபத்து மூன்று வம்ச மரங்கள் இறந்த குழந்தைக்குப் பேரப்பிள்ளைகளைக் கொடுத்திருக்கின்றன. ஐந்து பேருக்கு எழுதினேன், ஒருவர் மட்டும் திருத்தினார். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, அவர் இவரில்லை என்றால் தச்சர் யார்?

ஞானஸ்நானத்தில் தேடிப் பார்த்துச் சலித்துப்போய் உயில் பக்கம் போனேன். 1858 ஜனவரிக்கு முன்னால் உயில் விவகாரம் எல்லாம் திருச்சபைக் கோர்ட்டுகளில்தான் நடந்தது. பலரும் முதலில் கேன்டர்பரி பேராயரின் கோர்ட்டைத் தேடுகிறார்கள், ஏனென்றால் அந்த உயில்கள் லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, வீட்டிலிருந்தே தரவிறக்கலாம். ஆனால் கிராமத்துத் தச்சர், உழவர், செருப்புத் தைப்பவர் போன்றவர்களின் உயில் பெரும்பாலும் உள்ளூரில், ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்குக் கீழே ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளும் குரு) கோர்ட்டிலோ பிஷப்பின் கோர்ட்டிலோதான் கிடக்கும். நார்ஃபோக்கில் நாரிச் ஆர்ச்டீக்கன், நார்ஃபோக் ஆர்ச்டீக்கன், நாரிச் பிஷப் என்று மூன்று அட்டவணைகளையும் பார்க்க வேண்டும். கிராமங்களுக்கு நடுவே எல்லை எங்கே போகிறது என்பது தெரியாமல் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

அட்டவணையில் எங்கள் குடும்பப் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டுத் தொழிலைத் தேடினேன். சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு மைலுக்குள் இருந்த சக்கரத் தச்சர்கள் எல்லோருடைய உயிலையும் எடுத்துப் படிப்பது என்று திட்டம். யாரோ ஒருவரிடம்தானே அவர் தொழில் கற்றிருக்க வேண்டும்? ஆறாவது உயிலில் மாட்டினார். 1757இல் எழுதியது. பக்கத்துக் கிராமத்துத் தச்சர் ஒருவர், வீடும் சாமானும் மனைவிக்கு, அவள் காலத்துக்குப் பிறகு மீதியெல்லாம் தன் சன் இன் லாவுக்கு, தொழில் கருவிகளும் அறுத்து அடுக்கிய மரங்களும் உடனே அவருக்கே என்று எழுதியிருந்தார். அந்த சன் இன் லாவின் பெயர் நம் தச்சரின் முழுப்பெயர்.

இங்கேதான் நான்கு மாதம் போயிற்று.

மருமகன் என்று எழுதியிருக்கிறதே, அப்படியென்றால் 1762க்கு முன்னால் இன்னொரு கல்யாணம் நடந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். உயிலில் மகள் யாரும் இல்லை, ஆகவே மகள் இறந்திருப்பாள் என்று நானே ஒரு சாவையும் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கல்யாணத்தைத் தேடி இருபத்தொரு பாரிஷ்களின், அதாவது தேவாலயப் பங்குகளின், ஏடுகளைப் புரட்டினேன். மூலப் பதிவேட்டில் ஈரம் பட்டு அழிந்த இடங்களில், வருடாவருடம் பிஷப்புக்கோ ஆர்ச்டீக்கனுக்கோ எழுதி அனுப்பிய நகலைப் பார்த்தேன். 1762 பதிவில் அவர் பிரம்மச்சாரி என்று எழுதியிருந்ததைக்கூட, எழுத்தர் கவனிக்காமல் எழுதியிருப்பார் என்று ஒதுக்கிவைத்தேன். கண்ணால் படித்த சாட்சியை ஒதுக்கிவிட்டு, நானே கட்டிய கல்யாணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சன் இன் லா என்பது மகளின் கணவனை மட்டும் குறிக்கவில்லை. மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த பையனையும் அப்படித்தான் சொன்னார்கள். சட்டத்தின்படி மகன், இரத்தத்தால் இல்லை, அவ்வளவுதான் பொருள். கசின் என்று எழுதியிருந்தால் அது அண்ணன் மகனாகக்கூட இருக்கலாம். பிரதர் என்பது மனைவியின் தம்பியாக இருக்கலாம். மை நவ் வைஃப் (என் இப்போதைய மனைவி) என்று எழுதியிருந்தால் முன்னால் ஒரு மனைவி இருந்தாள் என்று கட்டாயமில்லை. ஒரே ஊரில் சீனியர், ஜூனியர் என்று இருவர் இருந்தால் அவர்கள் அப்பா மகன் என்றும் நினைத்துவிட முடியாது, சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். நம் தமிழிலேயே பாருங்கள், மகளைக் கட்டியவனும் மருமகன், அக்கா பெற்ற பையனும் மருமகன். இடத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்கும் அப்படி இரண்டு முகம் இருக்கக்கூடும் என்று எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தக் கோணம் கிடைத்த பிறகு மூன்றே நாள். உயில் எழுதிய தச்சரின் கல்யாணம் 1744இல், அவருடைய கிராமத்திலேயே. 1754க்கு முந்தைய பதிவு ஆகையால் ஒரே வரிதான், சாட்சியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆனால் மணப்பெண்ணின் பெயருக்குப் பின்னால் விதவை என்று எழுதியிருந்தது. குடும்பப் பெயர் நம்முடையது. அவளுடைய முதல் கணவன் 1741இல் ஒன்பது மைல் தள்ளி ஒரு கிராமத்தில் அடக்கம். அதே கிராமத்தில் 1735 அக்டோபரில் பையனுக்கு ஞானஸ்நானம். அது முன்பே ஏன் கிடைக்கவில்லை? நான் சந்தா கட்டும் தளத்தின் அட்டவணையில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தான ‘எல்’ (L) என்பதை ‘எஸ்’ (S) என்று படித்து ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காலக் கையெழுத்தில் பெரிய எல்லும் எஸ்ஸும் கூடப் பிறந்தவை மாதிரிதான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பக்கத்தில் ஐந்து வரி கீழே தெளிவான எஸ் ஒன்று இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். திருத்தம் அனுப்பி ஆறு வாரம் ஆகிறது.

இதெல்லாம் பொருந்தினாலும், பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஆள் ஒன்று என்று சொல்ல முடியாது. அந்தப் பையன்தான் 1762இல் கல்யாணம் செய்தவன் என்று எதைக் கொண்டு காட்டுவது? 1799 அடக்கப் பதிவில் வயது 63 என்று இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் தீர்க்க முடியாது, அந்த வயதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு. அப்போதுதான் உயிலின் அடியில் இருந்த சின்னக் குறிப்பை மறுபடி படித்தேன். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை மனைவிக்குக் கொடுத்திருந்தார், அவள் கணவனுக்கு முன்பே இறந்துவிட்டாள். அதனால் மீதிச் சொத்துக்கு உரியவனான பையனுக்கு, உயிலோடு சேர்த்து நிர்வாக உரிமையைக் கோர்ட்டு கொடுத்திருக்கிறது. அப்படிக் கொடுத்தால் ஜாமீன் பத்திரம் எழுதி வாங்குவார்கள். பத்திரம் என்றால் கையெழுத்து!

உயிலின் பதிவுப் பிரதியில் இருப்பதெல்லாம் எழுத்தரின் கையெழுத்துதான், அதில் யாருடைய சொந்தக் கையெழுத்தும் இருக்காது. பத்திரங்கள் தனிக்கட்டு. அச்சடித்த படிவத்தில் இடைவெளியை நிரப்பி, கீழே பொறுப்பெடுப்பவரும் ஜாமீன்தாரரும் கையெழுத்துப் போட்டு அரக்கு முத்திரை வைத்திருப்பார்கள். இணையத்தில் அது கிடைக்கவில்லை, நேரில் போக வேண்டியிருந்தது. எழுதப் பென்சில் மட்டும், பத்திரத்தைத் தாங்கப் பஞ்சுத் தலையணை, அது சுருளாமல் பிடிக்க ஈயக்குண்டு கோர்த்த துணிப்பாம்பு எல்லாம் வழக்கம்போல. பத்திரத்தில் குறித்திருந்த தொகை 80 பவுண்டு. வழக்கமாகச் சொத்து மதிப்பைப் போல இரண்டு மடங்கு எழுதுவார்கள் என்பதால், அவருடைய சொத்து 40 பவுண்டுக்குள் அடங்கியது. 1750 வாக்கில் வீட்டுச் சாமான் பட்டியல் எடுப்பது அநேகமாக நின்றுபோய்விட்டது, இதிலும் இல்லை. ஒரு தலைமுறை முன்னால் இறந்திருந்தால் எத்தனை வாள், எத்தனை உளி, எத்தனை அச்சுக்கட்டை என்று கிடைத்திருக்கும். அது ஆறாத குறை.

மை வெளிறிய இடங்களைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். அந்த மை இரும்பு உப்பும், ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் மாசிக்காயும் சேர்த்துச் செய்தது, நாளாக ஆகப் பழுப்பாகிவிடும். படத்தை கிம்ப் மென்பொருளில் திறந்து சிவப்பு, பச்சை இரண்டையும் விட்டுவிட்டு நீல நிறத் தளத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். பழுப்பு நிறம் நீல ஒளியை விழுங்குவதால் எழுத்து கறுத்துத் தெரியும். காகிதமே பழுப்பேறிப் போயிருந்தால் இது அவ்வளவாக உதவாது. எனக்கு 1762 கையெழுத்தின் அந்த வால் இப்படித்தான் தெரிந்தது. கையெழுத்து வாசிப்புக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவசப் பாடங்கள் போதும். நார்ஃபோக் தேடுபவர்கள் சந்தா கட்டும் முன் ஃப்ரீரெக் தளத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் தேவாலயப் பதிவேடுகளைப் படித்து ஏற்றியது, எங்கள் மூன்று கிராமங்களிலும் நான் சரிபார்த்தவரை ஒரு பிழைகூட இல்லை. வம்சம் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் சில படங்கள் வீட்டில் திறக்காது, அவர்களோடு இணைந்த நூலகத்துக்குப் போனால் திறக்கும்.

பயிற்சி ஒப்பந்தங்களுக்கான வரிப் பதிவேட்டையும் பார்த்தேன், 1710இலிருந்து இருக்கிறது, நம் பையன் அதில் இல்லை. இப்போது காரணம் தெரிகிறது. பயிற்சிக்குக் கொடுத்த பணத்துக்குத்தான் வரி. தாயைக் கட்டியவரிடம் தொழில் கற்றவனுக்குப் பணம் யார் கொடுத்திருப்பார்கள்?

அடுத்ததாக மேனர் கோர்ட்டு (உள்ளூர் நிலப்பிரபுவின் கோர்ட்டு) ஏடுகளில் இறங்கலாம் என்று இருந்தேன், 1733க்கு முந்தையவை லத்தீன் என்பதால் ஒரு இலக்கணப் புத்தகம்கூட வாங்கியாயிற்று. ஆனால் மாமியார் இந்தக் கதையைக் கேட்டதும் தச்சரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 1741இல் புருஷன் போய் 1744இல் மறுமணம் என்றால், ஆறு வயதுப் பையனை வைத்துக்கொண்டு நடுவில் அந்த மூன்று வருடம் அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டார். அந்தக் கிராமத்தின் ஏழை நிவாரணக் கணக்குப் புத்தகம் 1739இலிருந்து பிழைத்திருக்கிறது. யாருக்கு எத்தனை ஷில்லிங், யார் வீட்டுக்கு விறகு, யாருக்குச் செருப்பு என்று வாராவாரம் எழுதியிருப்பார்கள். வரும் செவ்வாய்க்கு மேசை பதிந்திருக்கிறேன். மாமியாரும் வருகிறார், அவருக்கும் ஒரு வாசகர் அட்டைக்கு எழுதிப்போட்டாயிற்று.